மூன்றாவது கயிறு

ஹெட்லி தார்ன் தன் மகளோடு பேசி ஆறு மாதம் ஆகியிருந்தது. மனைவி ஈனிட்டை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில், அத்தனை பேர் முன்னாலும் "இனிமே என் கண்ல படாதே" என்றவர், இந்தச் செவ்வாய்க்கிழமை இரவு தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஆலனுக்கு மணிக்கட்டு உடைஞ்சிடுச்சு. உங்கம்மாவுக்கு மணி அடிக்க ஒரு ஆள் குறையுது. சனிக்கிழமை யார்க் வந்துடு."

"நானா அப்பா? நிஜமாவா?"

"ஆலன் கை நல்லா இருந்தா உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். அதையும் தெரிஞ்சுக்க."

வைத்துவிட்டார். மெரியலுக்கு அதுவே போதுமாயிருந்தது.

அவர்கள் ஊரில் மாதா கோயில் மணி அடிக்கிறவர் யாராவது இறந்தால், கூட அடித்தவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து அவருக்காக அடிக்க வேண்டும். எட்டு மணி, எட்டுக் கயிறு, முக்கால் மணி நேரம். பாட்டு எதுவும் கிடையாது. மணிகள் ஒலிக்கும் வரிசை ஒவ்வொரு சுற்றுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். வந்த வரிசை மறுபடி வரக் கூடாது. யாரும் எதையும் பார்த்து அடிப்பதில்லை. எல்லாம் மனப்பாடம். நடுவில் கலைந்துபோனால் தலைவர் "நில்லுங்க" என்பார். அத்தோடு அது கணக்கில் வராது, இறந்தவருக்கு அடித்ததாகவும் ஆகாது.

அந்த ஊரில் நாற்பது வருஷம் மணி அடித்த ஈனிட்டுக்கு இன்னும் அது நடக்கவில்லை. அவள் யார்க்கில் பிறந்தவள். அந்த நகரத்தைச் சுற்றி நிற்கும் பழைய மதிலுக்குள்ளே இருக்கும் புனித எட்பர்கா கோயில் கோபுரத்தில்தான் சின்ன வயதில் கயிறு பிடிக்கக் கற்றாள். அங்கேயே அடிக்க வேண்டும் என்று ஹெட்லி பிடிவாதமாக அனுமதிக்குக் காத்திருந்தார்.

மெரியலும் காத்திருந்தாள். பள்ளி முடிந்து வீட்டை விட்டுப் போனபோது கயிற்றையும் விட்டவள், அம்மா போன பிறகு லீட்ஸில் ஒரு கோபுரத்தில் மாலை வகுப்புக்குச் சேர்ந்தாள். அண்ணன் டங்கனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தினமும் சாப்பிட்டு முடித்ததும் சமையலறை மேசையில் விரலால் வரிசைகளைத் தட்டிப் பார்ப்பாள். சரியாக வந்தாலும் அவளுக்கு நம்பிக்கை வராது. மறுபடி முதலிலிருந்து தட்டுவாள்.

ஏனென்றால் அவள் மேல் ஒரு பழி இருந்தது. பிப்ரவரியில், நுரையீரல் நோயோடு படுத்திருந்த ஈனிட், "ஒரே ஒரு தடவை யார்க் கூட்டிட்டுப் போ, உங்கப்பாகிட்ட சொல்லாதே" என்று கேட்டாள். மெரியல் கூட்டிப் போனாள். மதில் மேல் காற்றில் நின்றார்கள். மூன்று வாரத்தில் ஈனிட் போய்விட்டாள். ஹெட்லிக்கு அதற்கு மேல் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை காலை, வண்டி நிறுத்துமிடத்தில், அப்பா கைத்தடியை ஊன்றியபடி அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பார்வை கால்களில் நின்றது.

"இந்தச் செருப்போடதான் கோபுரம் ஏறப் போறியா?"

"ரப்பர் அடி போட்டது அப்பா. வழுக்காது."

"எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செய்யறே. உங்கம்மாவைக் கூட்டிட்டு வந்தன்னிக்கும் இப்படித்தான் யோசிச்சியா?"

அண்ணன் டங்கன் காரின் பின்கதவைச் சாத்துவதில் மும்முரமாக இருந்தான். அவன் மனைவி லோர்னா கைப்பைக்குள் எதையோ தேடினாள். ஊரிலிருந்து வந்த மற்ற நால்வரும் வானத்தைப் பார்த்து, மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு எந்தச் சங்கடத்துக்கும் மழைதான் கைகொடுக்கும்.

ஷாம்பிள்ஸ் என்ற பழங்காலத்துச் சந்தில் மேல்மாடிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டிருந்தன. கீழே கூட்டம் ஐஸ்கிரீமோடு நகர மறுத்தது.

"நம்ம ஊர் ஆட்டு மந்தை இதைவிட ஒழுங்கா நகரும்" என்றாள் லோர்னா.

"ஆடுங்க ஃபோட்டோ எடுக்காது" என்றான் டங்கன்.

மெரியல் சிரித்தாள். அப்பா திரும்பிப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினாள்.

கோயில் கதவைத் திறந்து வைத்திருந்தவள் நோரீன் என்ற அறுபது வயதுக்காரி. அந்தக் கோபுரத்தின் பொறுப்பு அவளுடையது. கையில் சாவிக்கொத்து, கக்கத்தில் பின்னல் பை. யாரைப் பார்த்தாலும் அவளுக்குக் 'கண்ணு'தான்.

"வாங்க கண்ணு, படி குறுகல், தலை பத்திரம்" என்று ஹெட்லியைத்தான் முதலில் வரவேற்றாள். எழுபத்தொரு வயதில் அவரை அப்படி அழைக்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அவர் விழுங்கிக்கொண்டு ஏறினார்.

மேலே வட்டமாக எட்டுக் கயிறுகள் தொங்கின. ஒவ்வொரு மணியையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி, கடைசியில் வாய் வானத்தைப் பார்க்க மேலே ஏற்றி நிறுத்தினார்கள். அப்படி ஏற்றிய பிறகுதான் வரிசை அடிக்க முடியும். ஹெட்லி ஒவ்வொருவருக்கும் இடம் சொன்னார். தனக்கு ஏழு. டங்கனுக்கு, எல்லாவற்றிலும் கனமான எட்டு. லோர்னாவுக்கு இரண்டு.

"மூணாவது, மெரியல்."

ஈனிட் இந்தக் கோபுரத்தில் கற்றுக்கொண்டது மூன்றாவது கயிற்றில்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

மெரியல் அப்பாவைப் பார்த்தாள். அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிட்டாரோ? இவ்வளவு நாள் தான்தான் தப்பாக நினைத்தோமோ? நன்றி சொல்ல வாய் திறந்தவள், அதற்குப் பதில் கயிற்றைப் பிடித்தாள்.

"ஈனிட்டுக்காக" என்றார் ஹெட்லி. "கவனமா."

ஆரம்பித்தார்கள்.

முதல் கால்வாசி அவள் உடம்பு தானாகவே செய்தது. கயிறு மேலே போனது, வந்தது. மேசையில் தட்டிய அத்தனை இரவுகளும் கைக்குள் இருந்தன. நோரீன் ஜன்னலோரம் பின்னிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகத் தெருச் சத்தம் கேட்டது. எவனோ கறுப்புத் தொப்பிக்காரன் சுற்றுலாக்காரர்களுக்குப் பேய்க்கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

பாதி தாண்டியபோது, எங்கே என்று தெரியாமல், வரிசை அவள் தலையிலிருந்து நழுவியது.

இது எல்லோருக்கும் நடப்பதுதான். அதற்கு ஒரு வழக்கமும் உண்டு. வழி தவறியவர் நிமிர்ந்து பார்ப்பார். வட்டத்தில் யாருக்குப் பின்னால் அவர் அடிக்க வேண்டுமோ அந்த ஆள் அவர் கண்ணைப் பிடித்து, லேசாகத் தலையசைப்பார். 'என் பின்னால வா' என்று அதற்கு அர்த்தம். அப்போதே சரியாகிவிடும். தலைவராக நிற்பவருக்கு அது கடமை. எதிரியாகவே இருந்தாலும் அந்தத் தலையசைப்பை மறுக்க மாட்டார்கள்.

மெரியல் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்கள் அவள் மேல் வந்தன, ஒரு கணம் நின்றன. பிறகு மெதுவாக விலகி எதிர்ச்சுவரில் போய் ஒட்டிக்கொண்டன.

அண்ணனைப் பார்த்தாள். டங்கன் தன் கயிற்றை மட்டுமே பார்த்தான். அவன் காது சிவந்திருந்தது.

இரண்டு தடவை குருட்டாம்போக்கில் அடித்தாள். அடுத்த முறை, லோர்னாவின் தலை அசைந்தது. வேண்டுமென்றே இல்லை, இருபது வருஷப் பழக்கம், கழுத்து தானாகச் செய்த காரியம். மெரியல் அதைப் பிடித்துக்கொண்டாள். லோர்னாவுக்குப் பின்னால் அடித்தாள், அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும். வரிசை திரும்பக் கைக்குள் வந்து உட்கார்ந்தது.

அதன் பிறகு ஒரு பிசகும் இல்லை. அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். முடிவு நெருங்குவதும் தெரிந்தது. இன்னும் கொஞ்சம்தான். அம்மா, இன்னும் கொஞ்சம்தான்.

"நில்லுங்க" என்றார் ஹெட்லி.

எட்டு மணிகளும் ஒவ்வொன்றாக மேலே நின்று அடங்கின.

ஹெட்லி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மூணாவது மணி. அப்பவே போச்சு. சரியாகும் சரியாகும்னு பொறுத்துப் பாத்தேன்."

"அப்பா, நான் திரும்பி வந்துட்டேனே" என்றாள் மெரியல். "நடுவுல ரெண்டு அடிதான். அப்புறம் சரியாத்தான..."

"சரியா? எத்தனை வருஷமா அடிக்கறே நீ? ஆறு மாசமா? அறுபது வருஷமா அடிக்கறவன் சொல்றேன், போச்சு." மற்றவர்களைப் பார்த்தார். "யாராவது சரியா இருந்ததுன்னு சொல்றீங்களா?"

லோர்னா கழுத்தைத் தடவிக்கொண்டாள். டங்கன் கயிற்றைச் சுருட்டினான். நால்வரில் ஒருத்தி மழை வருவது போலிருக்கிறதே என்றாள்.

ஜன்னலோரம் நோரீனின் ஊசிகள் நின்றிருந்தன. அவள் வாயைத் திறந்தாள். விருந்தாளிகளின் குடும்ப விஷயம் என்று நினைத்தாளோ என்னவோ, மூடிக்கொண்டாள்.

"கயிறை விடுங்க. மணிகளை இறக்க வேணாம், அப்படியே நிக்கட்டும்" என்றார் ஹெட்லி. "பசிக்குது."

தேநீர்க் கடையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். மெரியலுக்கு அவை சேரும் இடத்தில் நாற்காலி கிடைத்தது. ஒரு மேசைக்கால் முழங்காலை இடித்தது. எல்லோரும் பன்றி இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி தின்றார்கள், தேநீர் ஊற்றிக்கொண்டார்கள். அவள் தட்டில் ஒரு டார்ட் இருந்தது, பால்திரட்டு வைத்துச் சுட்ட அந்த ஊர் இனிப்பு. அம்மாவுக்குப் பிடித்தது. வாங்கியிருக்கக் கூடாதோ?

"நல்லாச் சாப்பிடு" என்றார் ஹெட்லி. "போன தடவை இந்த ஊருக்கு வந்தப்போ ஒருத்தியை உயிரோட கூட்டிட்டு வந்தே. திருப்பிக் கொண்டாந்தது பாதி உயிரு. இன்னிக்கு வந்து மிச்சத்தையும் முடிச்சே."

"அப்பா..." என்றான் டங்கன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. சர்க்கரை வேணுமான்னு கேட்டேன்."

மெரியல் முட்கரண்டியைக் கீழே வைத்தாள். கைகளைப் பார்த்தாள். இந்தக் கைகள்தான் சரியாக அடித்தோம் என்று சொல்கின்றன. அறுபது வருஷம் அடித்தவர் இல்லை என்கிறார். யார் சொல்வது உண்மை? லோர்னா தலையசைத்ததே பிரமையாக இருந்தால்?

"லோர்னா" என்றாள் மெல்ல, "நீ எனக்குத் தலையாட்டினே இல்ல?"

"நானா?" லோர்னாவின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. "நான் ஏன் ஆட்டறேன்? கழுத்து வலி எனக்கு. டாக்டர்கிட்ட வேணா கேட்டுப் பாரு."

ஹெட்லி மருமகளை ஒரு பார்வை பார்த்தார். லோர்னா கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் ஹெட்லியின் குரல் கொஞ்சம் இளகியது போலிருந்தது. "நீ போய் அந்த மதில் மேல நட. உனக்குத்தான் அது ரொம்பப் பிடிக்குமே. நாங்க கடை கண்ணி பாத்துட்டு அஞ்சு மணிக்கு வண்டிக்கு வந்துடறோம்."

"நானும் உங்ககூடவே..."

"போன்னு சொல்றேன்ல."

போனாள்.

மதில் மேல் சனிக்கிழமைக் கூட்டம். உள்பக்கம் கைப்பிடி கிடையாது. அப்பாக்கள் பிள்ளைகளின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தபடி நடந்தார்கள். ஒரு ஜப்பானியத் தம்பதி தங்களைப் படமெடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தாள். கீழே வீட்டுத் தோட்டங்களில் துணி காய்ந்தது.

அவள் எதையும் படிப்படியாக யோசிக்கிறவள். இப்போதும் அப்படியே செய்தாள். ஆரம்பித்தோம். சரியாக இருந்தது. நழுவியது. அப்பாவைப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டுத் திரும்பினார். லோர்னா அசைத்தாள். சரியானது. வெகுநேரம் கழித்து நிறுத்தினார். கயிற்றை விடச் சொன்னார். மணிகளை அப்படியே...

நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஒரு கிழவர் அவள் முதுகில் மோதி, தானே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

மணிகளை இறக்கவில்லை.

வாய் மேலே பார்த்து நிற்கும் மணி, கைபட்டால் அவிழும் பொறி. தெரியாமல் யாராவது கயிற்றை இழுத்தால் ஆளையே கூரைக்குத் தூக்கிவிடும். அதனால் அடுத்தவர் கோபுரத்துக்கு விருந்தாளியாகப் போனவர்கள் மணிகளை இறக்கிக் கயிறுகளைக் கட்டிவிட்டுத்தான் கிளம்புவார்கள். சின்ன வயதில் அவளுக்கு முதலில் சொல்லித்தந்த பாடம் அது. சொல்லித்தந்தவர் அப்பா.

மணிகளை மேலே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் போவார்கள். திரும்பி வருவதற்காக.

மெரியல் கூட்டத்தை இடித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தாள். படிகளில் ஓடினாள்.

நோரீன் கோயில் முகப்பில் கல் பெஞ்சில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, நீதான் முதல் ஆளா? ரெண்டரைக்குத்தானே சொன்னாங்க."

"ரெண்டரைக்கு என்ன?"

"மறுபடியும் அடிக்கறதுக்கு." நோரீன் அவள் முகத்தைப் பார்த்தாள். ஃபிளாஸ்க் மூடியை மெதுவாகத் திருகினாள். "உனக்குச் சொல்லலையா?"

"மூணாவது கயிறு யாருக்கு?"

நோரீன் பின்னல் பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குத்தான். உங்கப்பா செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் பண்ணினார். காலையில ஒரு தடவை அடிப்போம், ஒரு பொண்ணு வருது, அது தாங்காது, மத்தியானம் நீங்க ஒரு கை குடுக்கணும்னார். புதுசா கத்துக்கறவ போலருக்குன்னு நினைச்சேன். ஆசைக்கு ஒரு தடவை விடறாரு, நல்ல மனுஷன்னு." ஃபிளாஸ்கைப் பைக்குள் வைத்தாள். "அப்புறம் காலையில பாத்தேன்."

"நான் சரியா அடிச்சேனா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"நிறுத்தும்போது சரியா இருந்துது கண்ணு. நல்லாவே இருந்துது. ஆடுனது உங்கப்பாவோட ஏழாவதுதான், அதுவும் துளிதான்."

மெரியல் நிமிர்ந்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தன் மேல் சந்தேகம் இல்லை. அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. அது என்னவென்று அவள் பார்க்கவில்லை.

அப்பாவும் மற்றவர்களும் சந்து திரும்பி வந்தார்கள். லோர்னாதான் முதலில் அவளைப் பார்த்தாள். நடை தடுமாறியது. ஹெட்லி தடியை ஊன்றிக்கொண்டு நேரே வந்து முகப்பில் நின்றார்.

"மதில் மேல இருக்கச் சொன்னேன்."

"மணிகளை இறக்காம வந்துட்டீங்களேப்பா. அதான் யாராவது கை வெச்சிடப் போறாங்கன்னு காவலுக்கு வந்தேன்."

"காவலுக்கு நோரீன் இருக்காங்க."

"நோரீன் காவலுக்கா, மூணாவது கயிறுக்கா?"

டங்கன் முன்னால் வந்தான். "மெரியல், இங்க வேணாம். தெருவுல ஜனம் பாக்குது."

"பாக்கட்டும். நீயும் பாத்தேல்ல காலையில? உன் காதெல்லாம் சிவந்திருந்துது. ஏன்டா வாயைத் திறக்கல?"

டங்கன் அப்பாவைப் பார்த்தான், பிறகு தரையை. "கிறிஸ்துமஸோட அப்பா தலைவர் பொறுப்பை விடறாரு" என்றான். "எனக்குத் தர்றதா சொல்லியிருக்காரு. உனக்கென்ன, நீ லீட்ஸுக்குப் போயிடுவே. நாங்கதான் அங்க இருக்கணும்."

அவன் அதை மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னான். அதுதான் மோசமாயிருந்தது.

"எதுக்குப்பா?" என்றாள் மெரியல். "வேணாம்னா கூப்பிடாமலே இருந்திருக்கலாமே."

ஹெட்லி இரண்டு கைகளையும் தடியின் மேல் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"அவ கயிறை உன் கையில குடுக்கணும்னு நினைச்சேன். இதோ முடியப் போகுதுன்னு நீ நினைக்கற நேரத்துல அது கையை விட்டுப் போகணும். எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியணும். எனக்கு அவ அப்படித்தான் போனா. மார்ச் வந்தா வெயில் வந்துடும், தேறிடுவான்னு டாக்டர் சொன்னார். இதோ, இதோன்னு இருந்தேன்." மூச்சு வாங்கினார். "இப்போ தெரிஞ்சுதுல்ல? போ. போய்க் கார்ல உக்காரு."

மெரியல் அவரைப் பார்த்தாள். கோபத்தில் நடுங்குவோம் என்று நினைத்தாள், நடுங்கவில்லை. தலை தெளிவாக இருந்தது. எங்கே அடித்தால் எது விழும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"அம்மா அன்னிக்கு மதில் மேல என்ன சொன்னாங்கன்னு நீங்க ஒரு தடவைகூட என்னைக் கேக்கலையே."

ஹெட்லியின் கை தடியில் இறுகியது. "என்ன சொன்னா?"

"வேணாம்ப்பா."

"என்ன சொன்னா?"

"'நான் செத்தா எனக்காக உங்கப்பா மணி அடிக்கக் கூடாது. வேற யார் வேணா அடிக்கட்டும். அந்தக் கை மட்டும் வேணாம்'னாங்க."

சந்தில் எங்கோ ஒரு குழந்தை பலூனுக்கு அழுதது. லோர்னா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அவ அப்படிச் சொல்ல மாட்டா" என்றார் ஹெட்லி.

"அதனாலதானே உங்ககிட்ட சொல்லாம என்னைக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க? யோசிச்சுப் பாருங்க. கூட வாழ்ந்தது நாப்பத்து நாலு வருஷம். கடைசியா ஒரு ஆசை. அதுக்கு நீங்க வேணாம்னாங்களே, ஏன்?"

ஹெட்லி யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அந்தக் கேள்விக்கு ஆறு மாதமாக அவரிடம் பதில் இல்லை. இப்போது கிடைத்துவிட்டது. அவர் உதடுகள் அசைந்தன. பிறகு பின்பக்கமாகக் கையால் துழாவி, கல் பெஞ்சைக் கண்டுபிடித்து, உட்கார்ந்தார். தடி உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அன்று மதில் மேல் ஈனிட் சொன்னது இரண்டே விஷயம். குளிர்கிறது என்றாள். கீழே போய் இன்னொரு டார்ட் வாங்கித் தருவாயா என்றாள். அவ்வளவுதான். அது மெரியலுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

"அப்பா" என்று டங்கன் குனிந்தான், "நீங்க வெளியில இருங்க. நாங்க அடிக்கறோம். நோரீன் ஒண்ணு, இவ ஒண்ணு. அம்மாவுக்கு நடக்கட்டும்."

"வேணாம்."

"அப்பா..."

"வேணாம்னு சொல்றேன்!" குரல் உடைந்தது. "நான் கேட்டு நீங்க அடிச்சா அதுவும் என் கைதான். இங்கயும் வேணாம், ஊர்லயும் வேணாம். அவளுக்காக யாரும் எங்கயும் அடிக்கக் கூடாது. நான் சாகற வரைக்கும், செத்த பிறகும்."

அப்போதுதான் மெரியலுக்கு உறைத்தது. மேசையில் தட்டிய அத்தனை இரவுகளும், மூன்றாவது கயிறும், அம்மாவுக்கு என்று மிச்சமிருந்த அந்த முக்கால் மணி நேரமும் இப்போது அவள் கையாலேயே போயிருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் திருப்பிவிடலாம். 'பொய் சொன்னேன் அப்பா.' மூன்றே சொல்.

அப்பாவைப் பார்த்தாள். ஒரே நிமிஷத்தில் கிழவராகிவிட்ட அந்த முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

வாயைத் திறக்கவில்லை.

டங்கன் அவரை எழுப்பி, தோளில் சாய்த்து நடத்திப் போனான். நால்வரும் பின்னால் போனார்கள். இந்தத் தடவை யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை. கடைசியாகத் தடியைப் பொறுக்கிக்கொண்ட லோர்னா, அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் தலையாட்டினது நிஜம்தான்" என்றாள். "ஆட்டாமயே இருந்திருக்கலாம்."

அவர்கள் சந்து திரும்பியதும், பின்னால் சாவிக்கொத்து சத்தம் கேட்டது. நோரீன் எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் காலையில் இருந்த கனிவு இல்லை.

"பிப்ரவரியில, காத்து அடிச்சுக்கிட்டிருந்த ஒரு நாளு, ஊதாத் தொப்பி போட்ட ஒரு அம்மா இந்தக் கோயிலுக்குள்ள வந்து உக்காந்தாங்க. மூச்சு விட முடியல. மக கார் எடுக்கப் போயிருக்கான்னாங்க. பேர் கேட்டேன், சொல்லல. நான் சின்னப் பிள்ளையில இங்க மூணாவது அடிச்சவள்னு மட்டும் சொன்னாங்க."

மெரியல் சந்துப் பக்கம் பார்த்தாள்.

"அந்தம்மாதான் ஈனிட்டுன்னு எனக்கு இப்பதான் தெரியுது. நீ மதில், பிப்ரவரின்னு பேசினப்போ." நோரீன் ஒரு படி கிட்ட வந்தாள். "கால் மணி நேரம் பேசினாங்க. முழுக்க உங்கப்பாவைப் பத்தித்தான். தான் போனா அவர் கையாலதான் அடிக்கணும்னும் சொன்னாங்க. நீ சொன்னது அது இல்ல கண்ணு."

மெரியல் ஒரு படி பின்னால் நகர்ந்தாள்.

"வண்டி கிளம்பறதுக்குள்ள நீ போய்ச் சொல்றியா," என்றாள் நோரீன், "இல்ல நான் போகட்டுமா?"